அமைதியும் ஓர் இயல்பே

கலியாண வீடொன்றை மனக்கண் முன்னே கொண்டுவாருங்கள். பந்தலிலே மேளம் முழங்குகின்றது. முற்றத்திலே சிறுவர் ஓடித் திரிகின்றனர். விறாந்தையிலே பெரியவர்கள் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றியிருந்து ஊர்க்கதை பேசுகின்றனர். இத்தனை கலகலப்புக்கும் அப்பால், கிணற்றடிப் பக்கமாகக் கிடக்கும் கதிரையொன்றிலே ஓர் இளைஞன் தனியே அமர்ந்திருக்கின்றான். கோபித்துக்கொண்டு போய் இருப்பவனல்லன். விடியற்காலை தொடங்கிப் பந்திக்கு இலை போட்டவனும், வந்தவர்க்குத் தண்ணீர் கொடுத்தவனும் அவனே. இப்பொழுது சிறிது நேரம் வாய் திறவாமல் இருக்க விரும்புகின்றான், அவ்வளவுதான்.

ஆனால், சுற்றத்தார் விட்டுவிடுவார்களா? "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்கின்றார் மாமா. "படித்த தடிப்புப் போலும்" என்கின்றார் சித்தப்பா. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், இவன் எப்படித்தான் உலகத்திலே சீவிக்கப் போகின்றானோ!" என்று பெருமூச்சு விடுகின்றார் பெரியம்மா. மூவரும் அவன்மீது அன்பு கொண்டவர்களே. அவன் எழுந்து வருகின்றான். வராத சிரிப்பொன்றை முகத்திலே வருவித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நிற்கின்றான். "இப்பொழுதுதான் நல்ல பிள்ளை" என்று எல்லாரும் மகிழ்கின்றனர்.

வருவித்துக்கொண்ட அந்தச் சிரிப்பைப் பற்றியே நாம் இன்று சிறிது சிந்திக்க எண்ணுகின்றோம். ஒரு நாளைக்கு அது பெரிய பாரமன்று. ஆனால், பாடசாலையிலும் கந்தோரிலும் உறவினர் நடுவிலும் ஆண்டுக்கணக்காக அதையே சுமந்து திரிபவருக்கு என்ன நேர்கின்றது? அமைதியான சுபாவமுள்ளவர் தம் சுபாவத்துக்கு உண்மையாக இருந்துகொண்டே, உலகத்தோடும் ஒட்டி வாழ வழியுண்டா?

இயல்பு வேறு, குறை வேறு

மனிதரை அகமுகர், புறமுகர் என இருவகையாகப் பகுத்து நோக்கும் முறையை உலகறியச் செய்தவர், சுவிற்சலாந்து நாட்டு உளநூல் அறிஞர் கார்ல் யுங். உளப்பாங்கு வகைகள் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1921ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஒருவரது மன ஆற்றல் பெரும்பாலும் வெளியுலகையும் மனிதரையும் நாடிச் செல்லுமாயின் அவர் புறமுகர். தம் உள்ளத்து எண்ணங்களையும் உணர்வுகளையும் நாடித் திரும்புமாயின் அவர் அகமுகர். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று யுங் கூறவில்லை. முழுதும் அகமுகராகவோ முழுதும் புறமுகராகவோ எவரும் இருப்பதில்லை என்பதும் அவர் கருத்து. நம்மிற் பலர் இரண்டுக்கும் இடையிலே எங்கோ நிற்பவர்களே.

பின்வந்த அறிஞர்கள் இதற்கு உடலியற் காரணம் தேடினர். இங்கிலாந்திலே பணியாற்றிய ஹான்ஸ் ஐசெங்க் என்பவர், அகமுகரின் மூளை இயல்பாகவே விழிப்பு மிகுந்தது; ஆதலால் ஓசையும் கூட்டமும் அவர்களுக்கு விரைவில் அளவு மீறிவிடுகின்றன என்று 1967இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சிகள் விடயம் அத்துணை எளிதன்று எனக் காட்டியுள்ளன. ஆயினும், அடிப்படைச் செய்தியை நம் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஒரே கறியை இருவர் உண்கின்றனர். ஒருவர் "இன்னுங் கொஞ்சம் உறைப்பு வேண்டும்" என்கின்றார். மற்றவருக்கோ முதற் கவளத்திலேயே கண்ணீர் வந்துவிடுகின்றது. இதிலே யாரைக் குறை சொல்வது? நாவின் இயல்பு அது. உரையாடலும் கூட்டமும் அத்தகையனவே.

இங்கே சிலவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. கூச்சம் என்பது பிறர் தம்மை என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம். அகமுக இயல்போ அச்சமன்று. அமைதியிலே ஆறுதல் காணும் விருப்பம். கூச்சமுள்ளவர் பேச விரும்பியும் பேசமுடியாமல் வருந்துவார். அகமுகர் வேண்டும்போது நன்றாகவே பேசுவார். பேசி முடிந்தபின் தனிமையை நாடுவார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தும் இருக்கலாம்; பிரிந்தும் இருக்கலாம். செருக்கோ இவ்விரண்டினும் வேறானது.

நம் சமூகம் பேச்சை மதிக்கும் சமூகம். பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் விவாதமும் இல்லாத பாடசாலை ஆண்டு நம்மிடையே இல்லை. வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என வகுத்தே வைத்தார். ஆனால் அவரே பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நம் பெற்றார் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

காந்தியடிகளின் கூச்சமும் மௌனமும்

கூச்சம் வேறு, அமைதி வேறு என்பதற்கு மகாத்துமா காந்தியின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. சிறு பிராயத்திலே, பாடசாலை விட்டதும், எவரும் தம்மோடு பேசிவிடுவார்களோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவிட்டவர் அவர். சட்டம் பயில லண்டன் சென்ற காலத்திலே அங்கிருந்த சைவ உணவினர் சங்கத்தின் நிருவாக சபையிலே இடம்பெற்றார். ஆனால் கூட்டங்களிலே வாய் திறந்தாரல்லர். ஒருமுறை, சங்கத்தின் தலைவரோடு மாறுபட்ட கொள்கையுடைய வைத்தியர் ஒருவரைச் சபையிலிருந்து நீக்கவேண்டும் என்னும் பிரேரணை வந்தது. அவ்வைத்தியரின் கொள்கை காந்திக்கும் உடன்பாடன்று. எனினும், அக்காரணத்துக்காக ஒருவரை நீக்குதல் நியாயமன்று என்று அவர் மனம் கூறியது. தம் கருத்தை எழுதிக்கொண்டு போனார். எழுந்து வாசிக்கத் துணிவு வரவில்லை. வேறொருவர்தாம் அதனை வாசித்தார். 1891இல் லண்டனை விட்டுப் புறப்படுமுன் நண்பர்களுக்கு விருந்தளித்தபோதும், ஆயத்தஞ் செய்து வைத்த உரை நாவில் எழாமல், நன்றி மாத்திரம் கூறி அமர்ந்துவிட்டார்.

பம்பாயிலே ஏற்ற முதல் வழக்கின் கதையும் இதுவே. சாட்சியை விசாரிக்க எழுந்தார், தலை சுற்றியது, அமர்ந்தார். வாங்கிய 30 ரூபாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவர் எப்பொழுது பேசத் தொடங்கினார்? 1893இல் தென்னாபிரிக்கா சென்றார். நிறத்தின் பெயரால் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். பின்னர் பிரிட்டோரியா நகரிலே அங்குள்ள இந்தியரை அழைத்து, வியாபாரத்திலே வாய்மை பேணுதல் பற்றி உரையாற்றினார். தம் வாழ்நாளில் தாம் நிகழ்த்திய முதற் பகிரங்கச் சொற்பொழிவு அதுவே என்று தம் சுயசரிதையாகிய சத்திய சோதனையிலே அவர் எழுதுகின்றார். சொல்ல வேண்டியது ஒன்று உள்ளத்திலே கனன்றபோது, கூச்சம் தானே வழிவிட்டது.

கூச்சம் பெரிதும் விலகிய பின்னரும் அவருடைய அமைதி நாட்டம் விலகவில்லை. இலட்சக்கணக்கானோர் நடுவே வாழ்ந்த அம்மனிதர், திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்தார். சொல்லவேண்டியவற்றைத் துண்டுக் கடதாசிகளிலே எழுதிக் காட்டினார். இளமையிலே தமக்குத் துன்பமாயிருந்த தயக்கம், சொற்களைச் சிக்கனமாகக் கையாளத் தமக்குக் கற்பித்தது என்று பிற்காலத்திலே அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார்.

அத்தகையவரும் தம் சக்திக்கு மேற் செலவிட்டதுண்டு. 1927ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கதர்ப் பிரசாரத்துக்காக ஓயாமல் சுற்றுப் பிரயாணஞ் செய்து, இரத்த அழுத்தம் கூடி நோயுற்றார். மைசூர் நாட்டின் நந்தி மலையிலே தங்கி ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேதான் அவர் நம் இலங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். நம் பாட்டன்மார் கண்டு வணங்கிய அந்த உருவம், சில மாதங்களுக்கு முன்னர்தான் ஓய்வின் அருமையை நோயினால் உணர்ந்து எழுந்த உருவம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

வேடம் எப்பொழுது பாரமாகின்றது?

அவ்வாறாயின், அகமுகர் ஒருபோதும் தம் இயல்புக்கு மாறாக நடக்கலாகாதா? அப்படியன்று. கனடா நாட்டு உளநூற் பேராசிரியர் பிரையன் லிற்றில் இவ்விடயத்திலே பயனுள்ள ஒரு விளக்கந் தந்துள்ளார். அவர் அகமுகர், ஆனால் வகுப்பறையிலே மாணாக்கரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் வல்லவர். தாம் உயிராக மதிக்கும் ஒரு பணிக்காக மனிதன் தன் இயல்பைத் தாண்டி நடக்கலாம். அது பொய்யன்று என்பது அவர் கூற்று. பிள்ளைகள்மீதுள்ள அன்பினால் ஆசிரியர் உற்சாகமாக நடிக்கின்றார் என்றால், அந்த நடிப்புக்குள்ளே இருப்பது உண்மையான அன்பே. ஆனால், அவ்வாறு நடந்தபின் தன் இயல்புக்குத் திரும்பி இளைப்பாற ஓரிடம் வேண்டும். அவ்விடம் இல்லையேல் உடலும் உள்ளமும் விலை கொடுக்க நேரும்.

இதற்கு அவர் தம் கதையையே எடுத்துரைப்பதுண்டு. இராணுவக் கல்லூரியொன்றிலே விரிவுரையாற்றச் சென்றபோது, காலை உரைக்கும் மாலை உரைக்கும் இடையே அதிகாரிகள் அவரை விருந்துக்கு அழைத்தனர். அவரோ அருகிலுள்ள ஆற்றிலே செல்லும் படகுகளைப் பார்க்கப் பெரிதும் ஆசை என்று கூறிக் கரையோரமாகத் தனியே உலாவுவார். பின்னொரு காலத்திலே உலாவ ஆறு இல்லாதபோது, கழிவறையிலே போய் ஒளிந்திருந்தாராம்! சிரிப்புக்கிடமான கதைதான். ஆனால் அதிலே ஒரு துயரமும் உண்டு. "எனக்குச் சற்று ஓய்வு வேண்டும்" என்று நேரே சொல்ல முடியாத நிலை, கற்றறிந்த பேராசிரியரையும் ஒளிய வைத்துவிட்டது.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் சர்வகலாசாலை ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றும் இதனையே வலியுறுத்துகின்றது. ஒரு வாரம் முழுவதும் கலகலப்பாகப் பழகி நடக்குமாறு சிலரைக் கேட்டுக்கொண்டனர். இயல்பிலே கலகலப்பானவர் மகிழ்ச்சி மிகப் பெற்றனர். மிகுந்த அகமுகரோ அத்துணை மகிழ்ச்சி பெறவில்லை, களைப்பும் அடைந்தனர், தாம் தாமாக இல்லை என்னும் உணர்வும் அவர்களிடம் மிகுந்தது. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கும் மருந்தாகும் என்று சொல்வதற்கில்லை.

திரி கருகும் வேளை

எண்ணெய் வற்றிய விளக்கை நாம் அறிவோம். எண்ணெய் உள்ளவரையில் எரிவது எண்ணெய். திரி நின்று நிலைக்கும். எண்ணெய் தீர்ந்த பின்னும் சுடர் நிற்கவேண்டும் என்று வற்புறுத்தினால் எரிவது திரியே. இந்நிலையைத்தான் இக்காலத்தார் 'பேர்ன் அவுட்' என்கின்றனர். திரி கருகுதல் என்று நாம் சொல்லலாம்.

இச்சொல்லை உளநூலிலே புகுத்தியவர் நியூயோர்க் நகரிலே பணியாற்றிய ஹேர்பேட் பிறொய்டன்பேர்கர். அவர் பகலிலே தம் சொந்தத் தொழிலையும், இரவிலே ஏழைகளுக்கான இலவச சிகிச்சை நிலையத்திலே தொண்டையும் செய்துவந்தார். தம்மிடத்தும் தம் உடன் தொண்டர்களிடத்தும் கண்ட சோர்வைப் பற்றி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். இதிற் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சோம்பேறிகளுக்கு இந்நிலை வருவதில்லை. தம் பணியிலே பற்று மிகுந்தவர்க்கே இது வருகின்றது என்று அவர் கண்டார்.

உலக சுகாதார தாபனம் 2019இல் இதனைத் தொழில் சார்ந்த ஒரு நிலையென வரையறுத்தது, நோயென்று கூறவில்லை. நீண்டகாலம் தொடர்ந்து, முறையாகக் கையாளப்படாத வேலைப் பளுவின் விளைவு இது. இதன் குறிகள் மூன்று. முதலாவது, தீராத களைப்பு. இரண்டாவது, செய்யும் வேலையிலிருந்து உள்ளம் விலகி, அதன்மீது வெறுப்பும் ஏளனமும் தோன்றுதல். மூன்றாவது, முன்போற் செய்ய இயலாமை.

எமக்குப் பழக்கமான ஓர் இளம் ஆசிரியையின் கதையை இங்கே கூறலாம். கணிதத்திலே தேர்ச்சியும், பிள்ளைகள்மீது மெய்யான வாஞ்சையும் உடையவர். முதல் நியமனம் பெற்றுச் சென்ற நாளிலே, "ஆசிரியை என்றால் கலகலப்பாக இருக்கவேண்டும்" என்று யாரோ உபதேசித்தார்கள். அதனை வேதவாக்காகக் கொண்டார். பரிசளிப்பு விழாவிலே அறிவிப்பாளர் அவர். இல்ல விளையாட்டுப் போட்டியிலே உற்சாகமூட்டுபவர் அவர். விருந்தினரை வரவேற்பவரும் அவரே. தேநீர் வேளையிலே ஆசிரியர் அறையின் சிரிப்பொலிக்குக் குறை வைப்பதில்லை. வீட்டுக்கு வந்தாலும் கைத்தொலைபேசியிலே மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். இரவு பத்து மணிவரை பெற்றாருக்கு மறுமொழி. "எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை!" என்று எல்லாரும் மெச்சினர்.

மூன்றாம் ஆண்டிலே ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே அவர் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. முன்பு இனித்த பிள்ளைகளின் குரல் இரைச்சலாகக் கேட்டது. ஒருநாள், ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்ட சிறுமியொருத்தியை வகுப்பின் முன்னே கடுஞ்சொல்லாற் சுட்டுவிட்டார். சிறுமி அழவில்லை, கொப்பியை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த ஆசிரியைதான் அழுதார். "அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. நான் விளக்கியதுதான் பிழை. அதுகூட எனக்குத் தெரியவில்லை, அக்கா" என்றார் தமக்கையிடம். வேலையை விட்டுவிடுவதென்றே எண்ணிவிட்டார்.

தமக்கையார் பொறுமையுள்ளவர். "விடுகிறதென்றால் விடலாம். அதற்கு முன்னம், எது உன்னைக் களைக்க வைக்கிறதென்று இரண்டு கிழமைக்கு எழுதிப் பார்" என்றார். அப்பியாசக் கொப்பியொன்றிலே எழுதிவந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆறு பாடவேளை கற்பித்தல் அவரை அத்துணை களைக்கச் செய்யவில்லை. தேநீர் வேளையின் இருபது நிமிட நடிப்பும், இரவின் தொலைபேசியும், விழாக்களின் ஒலிவாங்கியுமே அவருடைய எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தன. தாம் விரும்பிய பணிக்கு மிஞ்சியது வெறும் திரி.

அதிபரிடம் சென்று உள்ளதை உள்ளபடி கூறினார். "அறிவிப்பு வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள், சேர். பாடசாலைச் சஞ்சிகையை நான் பொறுப்பெடுக்கிறேன். கணிதத்திலே பின்தங்கிய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதிபர் வியப்புற்றார், ஆனால் மறுக்கவில்லை. ஒலிவாங்கியை ஆசையோடு எதிர்பார்த்திருந்த ஆசிரியர் வேறொருவர் இருந்தார்! தேநீர் வேளையிலே பாதியை வேப்பமரத்தடியிலே கழித்தார். இரவு எட்டு மணிக்குமேல் தொலைபேசியைத் தொடுவதில்லை எனப் பெற்றாருக்கும் பணிவாகத் தெரிவித்தார். கொப்பியை மூடிய சிறுமியிடம் மன்னிப்பும் கேட்டார்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறோம். பரீட்சைக் காலத்திலே அவர் இன்றும் களைப்படைகின்றார். ஆனால் களைப்பு வேறு, கருகுதல் வேறு. களைத்தவர் உறங்கி எழுந்தால் தெளிவார். கருகியவர்க்கு உறக்கமும் உதவுவதில்லை.

டார்வினின் மணற்பாதை

தம் இயல்பை அறிந்து நாளை வகுத்துக்கொண்டவர்களுள் சார்ள்ஸ் டார்வினைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இளமையிலே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கப்பலிலே உலகைச் சுற்றிவந்த அவ்வறிஞர், 1842இல் லண்டன் மாநகரை விட்டு, ஏறக்குறைய 16 மைல் தொலைவிலுள்ள டவுண் என்னும் கிராமத்திலே குடியேறினார். 1882இல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகள், அவ்வீடே அவர் உலகம். விருந்துகளும் கூட்டங்களும் தமக்கு நடுக்கத்தையும் வாந்தியையும் உண்டாக்கின என்று அவரே எழுதியுள்ளார். அவரை வாட்டிய நோய் யாதென்பதில் வைத்தியர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வந்தாரல்லர். ஆயினும், உரையாடல் எவ்வளவு தம்மைக் களைக்கச் செய்யும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவருடைய நாளை நோக்குங்கள். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. பின்னர் கடிதங்களைப் பார்வையிடல். பத்தரை முதல் நண்பகல் வரை மீண்டும் வேலை. அதன்பின் வீட்டுத் தோட்டத்தின் எல்லையிலே தாமே அமைப்பித்த மணற்பாதையிலே உலாவல். எத்தனை சுற்று என்பதை மறவாதிருக்க, சிறு கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் தட்டிவிடுவாராம். பிற்பகலிலே ஓய்வும், மனைவி எம்மா வாசிக்கும் கதைகளும், கடிதங்களும், மேலும் ஒரு மணி நேர வேலையும். இரவிலே மனைவியோடு இரண்டு ஆட்டம் சொக்கட்டான் போன்றதொரு காய் விளையாட்டு. அந்த ஆட்டங்களுக்கும் கணக்கு வைத்திருந்தார்! 1876இல் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றிலே, எம்மா வென்றது 2,490. தாம் வென்றது 2,795 எனப் பெருமையோடு குறிப்பிடுகின்றார்.

நாளொன்றுக்கு நான்கு மணி நேர அளவான உழைப்பே அவரால் இயன்றது. அவ்வுழைப்பிலேதான் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் பிறந்தது. அடுத்த ஆண்டு ஒக்ஸ்போட்டிலே அந்நூல் பற்றிப் பெரும் வாக்குவாதம் மூண்டபோது டார்வின் அங்கே இருக்கவில்லை. நோயுற்றுச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அவருக்காக மேடையேறி வாதாடியவர் நண்பர் ஹக்ஸ்லி. வாதம் ஹக்ஸ்லிக்கு இன்பம், டார்வினுக்கோ துன்பம். ஒருவர் எழுதினார், ஒருவர் முழங்கினார், உண்மை இருவராலும் வளர்ந்தது. டார்வின் உலகை வெறுத்து ஒதுங்கியவருமல்லர். ஏறக்குறைய 2,000 பேரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். மனிதரை அவர் விலக்கவில்லை. தமக்கு இயன்ற வழியிலே நெருங்கினார்.

எல்லாருக்கும் டார்வினைப் போல் காணியும் செல்வமும் வாய்க்குமா என்று கேட்பீர்கள். வாய்க்காது. சிறிய வீட்டிலே நால்வரும் ஐவரும் ஒரே அறையிலே படிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால் மணற்பாதை என்பது காணியின் அளவைப் பொறுத்ததன்று. அதிகாலையிலே கிணற்றடியிலே கழியும் கால் மணி நேரமும், கோயில் வெளிவீதியிலே சன சந்தடி இல்லாத வேளையும், பாடசாலையிலிருந்து மிதிவண்டியிலே தனியே வரும் வழியும், நூல்நிலையத்தின் மூலைக் கதிரையும் மணற்பாதைகளே.

மாணாக்கருக்கும் பெற்றாருக்கும்

மாணாக்கரே, உங்களுள் அமைதியானவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவதாக, எது உங்களைக் களைக்கச் செய்கின்றது, எது உங்களைத் தெளியச் செய்கின்றது என்பதை இரண்டு கிழமைக்கு எழுதிப் பாருங்கள். பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் வேறொரு வகுப்பு என்று ஓடும் இக்காலத்திலே, இரண்டுக்கும் இடையே அரை மணி நேரமாவது உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் படித்தாற்றான் படிப்பு ஏறும் என்பதில்லை. ஒரே ஒரு தோழனோடும் படிக்கலாம். சபையிலே பேச நேர்ந்தால், நீங்கள் மெய்யாகவே அக்கறை கொண்ட பொருளைத் தெரிந்தெடுத்து, முன்கூட்டியே எழுதிப் பழகுங்கள். பேசி முடிந்தபின் தனிமை வேண்டுமாயின் அதற்காக நாணவேண்டாம்.

இரண்டாவதாக, பொய்க் காரணங் கூறி ஒளியாதீர்கள். "தலையிடி" என்று சொல்லி ஒதுங்குவதிலும், "சிறிது நேரம் தனியே இருந்துவிட்டு வருகின்றேன்" என்று சொல்லிப் போதல் நன்று. முதலாவது ஒவ்வொரு முறையும் புதிய பொய்யைக் கேட்கும். இரண்டாவது ஒருமுறை விளங்கிவிட்டால் போதும்.

மூன்றாவதாக, இயல்பைச் சாட்டாகக் கொள்ளாதீர்கள். "என் சுபாவம் இது" என்று கூறி அயலவரின் செத்த வீட்டுக்குப் போகாதிருத்தல் உண்மையாக இருத்தல் ஆகாது. அது கடமை தவறுதல். துக்க வீட்டிலே நிறையப் பேசுபவரிலும், ஒன்றும் பேசாமல் அருகே அமர்ந்திருப்பவர் தரும் ஆறுதல் பெரிது. உங்கள் இயல்பே அங்கே உதவியாகும்.

பெற்றாரே, "ஊமை", "பயந்தாங்கொள்ளி" என்று விருந்தினர் முன்னே பிள்ளைக்குப் பட்டஞ் சூட்டாதீர்கள். வந்தவர்க்கு வணக்கம் சொல்லவும், கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறவும் பழக்குங்கள். அதற்குமேல் பாடிக் காட்டு, ஆடிக் காட்டு என்று நெருக்காதீர்கள். பாடசாலையிலிருந்து வந்தவுடன் கேள்விமேற் கேள்வி கேட்பதை விட்டு, தேநீரைக் கொடுத்து விடுங்கள். அரை மணி கழித்து, அடுப்படியிலே வந்து நின்று தானாகவே கதை சொல்லும்.

அதேவேளை, விழிப்பும் வேண்டும். தனிமையை விரும்பும் பிள்ளை தனிமையிலே ஏதோவொன்றில் மகிழ்ச்சியாக இருக்கும். வாசிக்கும், வரையும், தோட்டத்திலே உலாவும். முன்பு விரும்பியவற்றையும் கைவிட்டு, ஊணும் உறக்கமுங் குன்றி, கிழமைக்கணக்காக வாடியிருக்குமாயின், அது சுபாவமென்று விட்டுவிடலாகாது. வைத்தியரை நாடுதல் வேண்டும். நம் நாட்டிலே 1926 என்னும் இலக்கத்தில் தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையும் உண்டு. வளர்ந்தோருக்கும் இது பொருந்தும்.

மீண்டும் கலியாண வீட்டுக்கே வருவோம். கிணற்றடிக் கதிரையிலே இருக்கும் அந்த இளைஞனை மாமா காண்கின்றார். இம்முறை அவர் "சுகமில்லையோ?" என்று கேட்கவில்லை. ஒரு குவளை மோரைக் கொண்டுவந்து கையிலே கொடுக்கின்றார். "காலை தொடக்கம் ஓடித் திரிந்தாய். இருந்து ஆறு, தம்பி. சாப்பாட்டு நேரம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிப் போய்விடுகின்றார். சிறிது நேரத்தின்பின், எவரும் அழைக்குமுன்னரே, இளைஞன் எழுந்து பந்திக்கு வருகின்றான். இலையைக் கையில் எடுக்கும்போது அவன் முகத்திலே ஒரு சிரிப்பு. இம்முறை அது தானாக வந்த சிரிப்பு.